காத்து கண்ணாடிப் பக்கம் போகுது

கையைத் தூக்கியாயிற்று. நாச்சிமுத்து காருக்குள் மல்லாக்கப் படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டு, திறந்த கதவு வழியாக ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும், கணபதி ஏரியாவில் அந்தப் பட்டறைச் சந்து மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். முதலில் எதிர்ப் பட்டறை மரியதாஸ் லேத்தை நிறுத்துவார். அது உடனே நிற்காது, உறுமல் இறங்கி, முனகலாகி, அப்புறம்தான் ஓயும். அடுத்து டிங்கரிங் பட்டறையில் சுத்தியல் சத்தம் நிற்கும். முக்கு டீக்கடையில் பாட்டை அணைப்பார்கள். ஊருக்குப் புதுசாக எவனாவது ஹாரன் அடித்தால், "யோவ், அண்ணன் கேக்கறாரு தெரீலியா" என்று அதட்ட நாலு பேர் இருக்கிறார்கள். வேறு எந்தச் சந்திலும் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. கார் ஏசியில் எங்கேயோ கசிவு என்றால் மற்ற மெக்கானிக்குகள் மீட்டரை மாட்டி முள்ளைப் பார்ப்பார்கள். நாச்சிமுத்து ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை டேஷ்போர்டுக்குள் மேயவிட்டு, ஸ்ஸ் என்று காற்றை உறிஞ்சும் இடத்தைக் காதாலேயே பிடித்துவிடுவார். மேட்டுப்பாளையத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏசி மெக்கானிக்கைத் தேடி வருவதில்லை, அந்தக் காதைத் தேடித்தான் வருகிறார்கள். அதிலே அவருக்குக் கொஞ்சம் மப்பு உண்டு, ஏன் இருக்கக்கூடாது, இருக்கட்டுமே. இப்போதும் லேத் நின்றுவிட்டது, சுத்தியல் நின்றுவிட்டது, பாட்டு நின்றுவிட்டது, குழாய் காதில் இருக்கிறது, மனுசன் மூச்சைக்கூட இழுத்துப் பிடித்திருக்கிறார். ஆனால் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் துளிகூடக் கேட்கவில்லை. குழாயை மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், மெத்தென்ற தரைவிரிப்பில் பின்னந்தலையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடிப் பார்த்தார், கண்ணை மூடினால் காது திறக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. உள்ளே தோல் சீட்டின் மணம். இந்த மணத்துக்காகவே இங்கேயே ஒரு தூக்கம் போடலாம் போலிருக்கிறது, என்ன வண்டி, என்ன வண்டி, தரையோடு ஒட்டிப் பதுங்கின சிவப்புக் குட்டிக் கார், இரண்டே சீட்டு, முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில் செய்தது, ஸ்டியரிங்கு இடப்பக்கம். வைத்திருப்பது ஒரு பொம்பளை, அதுவும் பேரன் பேத்தி எடுத்த பொம்பளை. கார்த்தியாயினி மேடம் என்று பெயர். சேலையைச் செருகிக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து அவர் கிளம்புகிற வேகத்தைப் பார்த்தால் சந்துக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். "ஏனுங்க நாச்சிமுத்து, கோத்தகிரி மேட்டுல ஆக்சிலேட்டரை மிதிச்சாப் போதும், மூஞ்சிக்கு வந்துட்டிருந்த குளுகுளு காத்து கோவிச்சுட்டு முன் கண்ணாடிக்குப் போயிருதுங்க. காலை எடுத்தா சமாதானமாகித் திரும்பி வருது. நானென்ன காரை ஓட்டறதா, அதைக் கொஞ்சறதா?" என்று அவர் கேட்டபோதே நாச்சிமுத்துவுக்கு நோய் பிடிபட்டுவிட்டது. இந்தக் காலத்துக் கார் மாதிரி இதில் மோட்டார் கிடையாது. இன்ஜின் மூச்சை உள்ளே இழுக்கிறதல்லவா, அந்த இழுப்பையே மெல்லிசுக் குழாய்களில் கொண்டுபோய், அந்த உறிஞ்சலில்தான் உள்ளே இருக்கிற கதவுகள் திறந்து மூடுகின்றன. மூஞ்சிக்கு ஒரு கதவு, காலுக்கு ஒரு கதவு. வேகமாக மிதிக்கும்போது இன்ஜினின் இழுப்பு குறைந்துவிடும். அப்போது கைகொடுக்கத்தான் ஒரு கறுப்பு டப்பாவில் இழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். டப்பாவோ குழாயோ எங்கேயாவது கசிந்தால் சேமிப்பு போச்சு, ஸ்பிரிங் இழுத்துக் கதவெல்லாம் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்ளும். செய்தவன் புத்திசாலி. எது செத்தாலும் ஓட்டுகிறவனுக்கு முன் கண்ணாடியில் பனி படியக்கூடாது, வழி தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறான். ஒன்றுமில்லாததை வைத்து ஒரு வேலையைச் செய்து காட்டியிருக்கிறானே அந்த மகராசன் என்று நாச்சிமுத்துவுக்கு நேற்றெல்லாம் ஒரே பூரிப்பு. நேற்றுப் பூரா ஒவ்வொரு கதவாகக் கைப்பம்பை மாட்டிப் பார்த்தார், எல்லாம் கல்லு மாதிரி நின்றது. சாயங்காலம் பொழுதோட பானெட்டைத் திறந்து இன்ஜின் பக்கக் குழாயில் கை வைத்தார், மழை பிடித்தது, கரண்ட் போனது, மூடிவிட்டுப் போனார். காலையில் வந்து வண்டியைக் கிளப்பினால், மேடு ஏற வேண்டாம், மிதிக்க வேண்டாம், நின்ற இடத்திலேயே காற்று மொத்தமும் கண்ணாடிக்குப் போகிறது! மூஞ்சிக்கு ஒரு பொட்டுக் காற்று இல்லை. சரி, ராத்திரியில் கசிவு பெரிசாகிவிட்டது, பழைய ரப்பர், வெடித்திருக்கும், இன்னும் நல்லதாப் போச்சு, சின்னக் கசிவைத்தான் தேட வேண்டும், பெரிய கசிவு தானே கத்தும் என்று குஷியாக இன்ஜினை ஓட்டி நிறுத்திவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு படுத்தார். பெரிய கசிவு பெரிசாகக் கத்த வேண்டும். பாம்பு சீறுகிற மாதிரி சீற வேண்டும். சீறவில்லை. அப்படியானால் போனது ரப்பர் இல்லை.

போனது ரப்பர் இல்லை, காது. ஆடிக்கு முந்தியே ஆரம்பித்தது, அவருக்குத் தெரியாதா என்ன. தடித்த சத்தமெல்லாம் வருகிறது, லேத் வருகிறது, லாரி வருகிறது, மரியதாசின் இருமல் வருகிறது. மெல்லிசான சத்தம்தான் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போகிறது. குருவி போச்சு. மிக்ஸி ஓடும்போது வருமே அந்தக் கீச்சு, அது போச்சு. பெங்களூரிலிருந்து மகள் சிந்துஜா போனில் குழந்தையைப் பேச விட்டால், அது சிரிக்கிறது என்பது படத்தில் தெரிகிறது, சத்தம் வரவில்லை, இவர் பாட்டுக்கு, "ஆமாஞ் சாமி, ஆமாஞ் சாமி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆமாஞ் சாமி. இந்த ஆமாஞ் சாமிதான் பயம். அவருடைய பெரியண்ணன், மில்லில் நூற்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே காதைத் தொலைத்தவர். சொந்தம் ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள், யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். சாப்பிட்டாச்சுங்களா என்றாலும் தலையாட்டல், யாரோ செத்துப்போய்ட்டாங்க என்றாலும் தலையாட்டல், பக்கத்தில் இருக்கிற இளவட்டங்கள் அதைப் பார்த்துத் தொடையில் தட்டிச் சிரிக்கும். நாச்சிமுத்துவும் ஒரு தடவை சிரித்தவர்தான். அண்ணன் அன்றைக்கு ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். சீச்சீ, இப்போது எதற்கு அது. வேலையைப் பார். குழாயை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். இந்தக் காதும் அதையேதான் சொன்னது. அஞ்சாறு மாசமாக எப்படித்தான் ஓட்டினாயடா நாச்சிமுத்து, கெட்டிக்காரன்தான் போ. ஊதுபத்தி. யார் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, தானாகத் தோன்றினது, கசிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை வளைந்து ஓட்டைக்குள் போகும். கையைத் தூக்கிச் சந்தை அடக்கிவிட்டு, காதில் சும்மா குழாயை வைத்துக்கொண்டு, கண்ணால் புகையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டு, "கேட்டுருச்சு, போடுங்க லேத்தை" என்று குரல் கொடுப்பார். மரியதாஸ் எதிரிலிருந்து, "அண்ணனுக்குக் காதா அது" என்பார். பொய்தான். ஆனால் யாருக்கு என்ன நட்டம், வண்டி சரியாகிறதல்லவா? வீட்டுக்காரி கலாமணி மட்டும் ஒரு நாள், "பட்டறைக்குள்ள ஊதுபத்தி வாசம் தூக்குது, அத்தனை பக்தியாயிருச்சுங்களா?" என்று கேட்டாள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டார். இன்றைக்கு அந்த வழியும் அடைபட்டுப் போச்சு. கார்த்தியாயினி மேடம் சாவியைக் கொடுக்கும்போதே, "பீடி, சிகரெட், ஊதுபத்தி, ஸ்ப்ரே, எந்த வாசமும் என்ற வண்டிக்குள்ள வரப்படாது" என்று சொல்லிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வண்டியெடுக்க வருகிறார்.

கலாமணி. அவளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நாச்சிமுத்துவே அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்து நிறுத்திக்கொள்கிறவர்தான். முப்பது வருசமாக அவரோடு ஒட்டுக்காப் பட்டறையில் நிற்கிறவள், கேஸ் நிரப்புவதும் ஆளை அழைத்து உட்கார வைத்துப் பேசுவதும் அவள்தான், வாய் ஓயாது. மனுசி பேச ஆரம்பித்தால் சிங்காநல்லூரில் ஆரம்பித்து சிங்கப்பூரில் போய் நிற்பாள். அந்தப் பேச்சு இப்போது சுருங்கிவிட்டது. அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாளா, இல்லை அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாளா, அதில் பாதி இந்தக் காதில் ஏறவில்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது? பேசினாயா என்று கேட்டால், இல்லை, ஏன் என்பாள், அந்த ஏன்-க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு அக்கட்டால போய்ப் படுத்துக்கொள்கிறாள். சலிப்பாக இருக்கும், வயசாகிறது. ரண்டு பேருக்கும் வயசாகிறது. பேச்சில்லாமல் போவதும் ஒரு நிம்மதிதான் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார், பொய், நிம்மதியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, அந்தப் பேச்சு இல்லாத வீடு இவருக்கு என்னமோ சம்பந்தம் இல்லாத வீடு மாதிரி இருந்தது. தரைவிரிப்பின் சொரசொரப்பு கழுத்தில் குத்தியது. நீட்டின கை வலிக்க ஆரம்பித்தது. சந்து இன்னும் அடங்கியேதான் கிடந்தது. எத்தனை நேரம்தான் பாவம் அவர்களும் பொறுப்பார்கள். மரியதாசுக்குப் பம்ப் செட் சாஃப்ட்டு ஒன்று பாதியில் நிற்கிறது. கையை இறக்க வேண்டும், இறக்கினால், "கேட்டுச்சுங்ளாண்ணா?" என்று கேள்வி வரும். இல்லை என்றால்? நாளைக்குச் சந்து முழுக்கத் தெரியும், நாளன்றைக்குப் பொள்ளாச்சிக்குத் தெரியும், அப்புறம் முன்வரிசை நாற்காலி.

"ஏனுங்க, இன்னுமா கேட்டுட்டு இருக்கறீங்க?"

கலாமணி குனிந்து கதவுக்குள் தலையை நீட்டியிருந்தாள். முகத்துக்கு நேரே வந்து பேசினதால் கேட்டது. தூக்கின கையை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார். வெளியே லேத் உறுமி எழுந்தது, சுத்தியல் ஒன்று இரண்டு என்று மறுபடி ஆரம்பித்தது.

"சித்தக் கசகசன்னு இருக்குது. கண்ணுல வேர்வை எறங்குது. ஒரு துணி எடு, துடைச்சுக்கறேன்."

"துணியா? நேத்து நீங்க கட்டித் தொங்கவிட்டிருந்த செவப்புத் துணி இருந்துதுங்களே, அது அழுக்காக் கெடந்துதுன்னு காலைல அவுத்துத் தொவைக்கப் போட்டுட்டனுங்க. வேற வேணும்னா தர்றேன்."

"எந்தத் துணி?"

"அதுதான், இந்தக் கதவுப் புடியில முடிச்சுப் போட்டு வெச்சிருந்தீங்கள்ல."

நாச்சிமுத்து எழுந்திருக்கப் பார்த்து டேஷ்போர்டில் நெற்றியை இடித்துக்கொண்டார். நல்ல இடி. ஆனால் வலியா தெரிந்தது அப்போது? செவப்புத் துணி! அது அவருடைய சட்டம், அவர் பட்டறையின் சட்டம், கசிவு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க ஒரு குழாயை அடைக்க வேண்டியிருந்தால் அதற்குள் சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றைத் திணித்து மூடுவார், குண்டு உள்ளே போனதும் வெளியே தெரியாது, மறந்து போவான் மனுசன், அதனால் குண்டு உள்ளே இருக்கிறவரை ஸ்டியரிங்கில் செவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும், துணி இல்லாவிட்டால் குண்டு இல்லை. காலையில் வந்ததும் ஸ்டியரிங்கைப் பார்த்தார், துணி இல்லை, ஆகவே குண்டு இல்லை என்று நிம்மதியாக வண்டியைக் கிளப்பினார். அட மடச் சாம்பிராணி! இந்த வண்டிக்கு ஸ்டியரிங்கு இடப்பக்கமடா! நேற்று பொழுதோட கரண்ட் போன இருட்டில், இன்ஜின் குழாயில் குண்டைப் போட்டுவிட்டு, முப்பது வருசப் பழக்கத்தில் கை வலப்பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்கைத் துழாவியிருக்கிறது, ஸ்டியரிங்கு அங்கே எங்கே இருக்கும், கிடைத்த பிடியில் முடிச்சைப் போட்டுவிட்டு வந்திருக்கிறது. இன்ஜினின் இழுப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. டப்பாவுக்கும் போகவில்லை, கதவுக்கும் போகவில்லை. கசிவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன கேட்கும்? எவன் வந்து படுத்தாலும், தேவலோகத்திலிருந்து ஒருத்தன் இறங்கி வந்து காதை வைத்தாலும் கேட்டிருக்காது!

"என்னாச்சுங்க? நெத்தி செவந்து போச்சு, சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லை அம்மணி, ஒண்ணுமில்லை. நான் ஒரு கேனையன். பானெட்டைத் தொற."

வெயில் இதமாக இருந்தது. இத்தனை நேரம் இந்த வெயில் எங்கே இருந்தது? பானெட்டுக்குள் குனிந்து குழாயின் முனையைக் கழற்றி, இரண்டு விரலால் நீவி நீவிக் கொண்டுவந்தார், பேரிங் குண்டு வழுக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. இத்தனூண்டு. இதுவா என்னை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தது என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனசு ஊஞ்சல் கட்டி ஆடிற்று. ஆடட்டும், அவருக்கு ஆட உரிமை உண்டு. குருவி போனது உண்மையாக இருக்கலாம், மிக்ஸி போனது உண்மையாக இருக்கலாம், அதெல்லாம் வயசு, ஊரில் யாருக்கு இல்லை. ஆனால் காது இன்னும் இருக்கிறது, தொழில் இருக்கிறது, இனிமேல் ஊதுபத்திகூட வேண்டாமோ என்னவோ, இத்தனை நாளும் பயத்திலேயே காதைக் கொடுத்துக் கேட்காமல் இருந்திருப்போம், பயம் வந்தால் காது அடைத்துத்தான் போகும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆகிறதில்லையா. குழாயை மாட்டினார். அந்தப் பக்கம் சுற்றிப் போய், மறக்காமல் இடப்பக்கம், உட்கார்ந்து கிளப்பினார். டேஷ்போர்டுக்குள் கதவு ஒன்று தொப்பென்று திரும்பியது. குளுகுளுவென்று மூஞ்சியில் காற்று வந்து அடித்தது. ஆகா. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கலாமணியும் அந்தப் பக்கச் சீட்டில் வந்து தயங்கி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காற்றுக்குக் காட்டினாள். இந்த மாதிரி ரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாச்சு. எங்கேயாவது போய்ட்டு வரலாமா என்று கேட்கத் தோன்றியது. அடுத்தவர் வண்டி, சும்மா இரு. ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தார். இன்ஜின் சிங்கம் மாதிரி குரல் கொடுத்தது. முகத்துக் காற்று மெல்ல மெல்ல மெலிந்து, சுரத்திழந்து, கண்ணாடிப் பக்கம் ஏறிப் போனது. மேடம் சொன்ன கோபம் இதுதான். நல்லது. அசல் கசிவு, சின்னக் கசிவு, அந்தக் கறுப்பு டப்பாவில்தான் இருக்க வேண்டும், வலப்பக்க மூலையில், கை மட்டும் நுழைகிற பொந்துக்குள். இன்ஜினை நிறுத்தினார். டப்பாவில் இப்போது இழுப்பு நிறைந்திருக்கிறது, கொஞ்ச நேரத்துக்கு உறிஞ்சிக்கொண்டிருக்கும், அதற்குள் பிடிக்க வேண்டும். கலாமணியை இறங்கச் சொல்லிவிட்டு, ஓடிப்போய்ப் பழைய மாதிரி மல்லாக்கப் படுத்துக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று கையைத் தூக்கினார்.

லேத் இறங்கியது. சுத்தியல் நின்றது. பாட்டு நின்றது. சந்து முழுக்க அவருக்காகக் காத்திருந்தது. வாடா ராசா, வா, என்றார் மனசுக்குள். குழாயை டப்பாவின் மேல் முனையில் வைத்தார். இல்லை. நடுவில் வைத்தார். இல்லை, சரி, அவசரப்படாதே, பயப்படாதே, பயந்தால் அடைக்கும், மூச்சை விட்டு இழு, இப்போது வை. விரல் நுனிக்குத் தெரிகிறது, டப்பாவின் பக்கம் ஒரு சில்லிப்பு, தோலை மெல்ல உறிஞ்சுகிற மாதிரி ஒரு கூச்சம், இருக்கிறது, கசிவு இங்கேதான் எங்கேயோ இருக்கிறது, உள்ளே இழுப்பு இருக்கிறது, குண்டு பையில் இருக்கிறது, குழாய் காதில் இருக்கிறது, இனிமேல் சாக்குச் சொல்ல ஒன்றுமே பாக்கியில்லை. கேட்கவில்லை. இந்தத் தடவை பயம் வரவில்லை. எல்லாம் ஓய்ந்துபோன மாதிரி, எவனோ ஒருத்தனைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அப்படியா, சரி. குருவியோடு இதுவும் போச்சு. குண்டு வந்து ஒரு மணி நேரம் பயம் காட்டிவிட்டு, அரை மணி நேரம் சந்தோசத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது, அந்தச் சந்தோசம் ஒன்றும் பொய் இல்லை, நல்லாத்தான் இருந்தது.

"அதா, ஸ்ஸ்னு கேக்குதுங்களே," என்றாள் கலாமணி. கதவோரம் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். "குழாய் இல்லாம எனக்கே இங்க கேக்குது. கொஞ்சம் அடியில பாருங்க."

நாச்சிமுத்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். தலைகீழாகத் தெரிந்தாள். கம்மல், நரைத்த வகிடு, மூக்கில் எண்ணெய் மினுக்கு. என்னமோ, இவளிடம் ஊதுபத்தி காட்டிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

"எனக்குக் கேக்கலை, கலாமணி."

"குழாய வெச்சுமுங்ளா?"

"வெச்சுந்தான். இன்னிக்கு நேத்து இல்லை. ஆடிக்கு முந்தி இருந்தே மெல்லுசுச் சத்தம் எதும் வர்றதில்லை. இந்தா, நீ புடி." காதிலிருந்த முனையை எடுத்து அவளிடம் நீட்டினார். "காதுல வெய்யி. நான் அந்தப் பக்கத்தை நவுத்தறேன். சத்தம் எச்சா வர்ற எடத்துல சொல்லு."

அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அவர் பொந்துக்குள் கையை விட்டுக் குழாயின் மறு முனையை டப்பாவின் மேல் நகர்த்தினார். "இன்னுங் கீழ," என்றாள். "இல்லைங்க, இந்தப் பக்கம்... போச்சு, போச்சு, திரும்பி வாங்க... ம்." அவள் கையை உயர்த்திக் காட்டினாள். "அங்கதானுங்க." அவர் விரலை வைத்து அமுக்கினார். டப்பாவின் இரண்டு பாதியும் ஒட்டுகிற விளிம்பில், மயிர் போன்ற ஒரு வெடிப்பு, விரலைக் கவ்விப் பிடித்தது. "இப்ப?" "நின்னுபோச்சுங்க." "விட்டா?" "கேக்குது." "வெச்சா?" "நின்னுபோச்சு." பிசின் போட்டு ஒட்டினால் தீர்ந்தது, மேடம் வருவதற்குள் காய்ந்துவிடும். அப்பாடா. அவ்வளவுதானா? எத்தனை பெரிய பயம், எத்தனை இத்தனூண்டு வெடிப்பு. காதும் அப்படியே ஒட்டவைக்கிற சமாச்சாரமாக இருந்தால் தேவலை, இல்லாவிட்டால் என்ன, அவள் கேட்டால் ஆகாதா, நகர்த்துகிற கை இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே விரலை எடுத்தவர், கலாமணியைப் பார்த்தார். அவள் குழாயைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"அப்ப," என்றாள். "அப்ப, சமையக்கட்டுல இருந்து நான் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாப்பனே, நீங்க திரும்பிக்கூடப் பாக்காம உக்காந்திருப்பீங்களே, அது?"

"கேட்டிருக்காது."

"அன்னிக்குக் கார்த்திகை தீபத்தன்னிக்குப் பின்னால நின்னு, என்ற மேல என்ன கோவம்னு கேட்டனே? அழுதுட்டே கேட்டனே. நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு நடந்து போய்ட்டீங்களே?"

நாச்சிமுத்துவுக்கு அப்படி ஒரு நாளே நினைவில்லை. எப்படி இருக்கும்?

"கேக்கலை புள்ள. சத்தியமாக் கேக்கலை."

"செவிடா?" என்றாள் கலாமணி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, வாயோ சிரிக்கத் தொடங்கியிருந்தது, எதை முதலில் செய்வதென்று தெரியாமல் குழாயாலேயே அவர் தோளில் ஒன்று போட்டாள். "வெறுஞ் செவிடா? அட கெரகமே! நானு உங்களுக்கு என்னையப் பாக்கவே புடிக்காமப் போச்சுன்னு வெசனப்பட்டுட்டு, இந்த மனுசங்கிட்ட இனி என்னத்தப் பேசறதுன்னு வாயை மூடிட்டு இருந்தனுங்க. சிந்துஜாகிட்டப் போயிரலாம்னு பொட்டியில துணி எல்லாங்கூட மடிச்சு வெச்சுட்டேன். தை பொறந்ததும் போயிரலாம்னு..." என்று ஆரம்பித்தவளுக்கு, அடைத்து வைத்ததெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வர ஆரம்பித்தது. சில வார்த்தை வந்தது, சில வார்த்தை பாதியில் தேய்ந்தது, அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்தார்.

எதிர்ப் பட்டறையிலிருந்து மரியதாஸ் குரல் கொடுத்தார். "அண்ணா, கேட்டுருச்சுங்ளா? லேத்தைப் போடட்டுங்ளா?"

நாச்சிமுத்து கதவு வழியாகக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"போட்டறாதீங்க மரியதாசு! சித்த நேரம் அப்படியே நிறுத்தி வைங்க. என்ற காது சரியில்லீங்க, கலாமணி பேசிட்டிருக்கறா."